ஷிப்கா ஓவியத்தில் அணிவகுப்பு ஏன் அவ்வளவு தூரத்தில் நிற்கிறது?

கரிக்கோல்

வசீலி வெரெஷாகின் என்ற ரஷ்ய ஓவியரை உங்களில் பலருக்கு அந்த மண்டையோட்டுக் குவியல் ஓவியத்தின் வழியாகத் தெரிந்திருக்கும். 1871-ல் வரைந்தது. காய்ந்த பொட்டல், கூம்பாகக் குவிந்த மண்டையோடுகள், மேலே காகங்கள். நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. ஒரு மாதமாக என் கணினித் திரையில் திறந்தே கிடக்கும் 'ஷிப்கா-ஷெய்னொவோ: ஷிப்கா அருகே ஸ்கோபெலெவ்' என்ற இன்னொரு ஓவியத்தைப் பற்றி.

1877-78 ரஷ்ய-துருக்கிப் போர். பல்கேரியாவில் பால்கன் மலைகளின் அடிவாரத்தில், ஷிப்கா கணவாய்க்குக் கீழே, ஷெய்னொவோ என்ற ஊர். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1877 டிசம்பர் 28, நம் கணக்கில் 1878 ஜனவரி 9. அன்று துருக்கியத் தளபதி வெய்சல் பாஷா 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். சண்டை ஓய்ந்ததும் ஜெனரல் ஸ்கோபெலெவ் தன் வெள்ளைக் குதிரையில் ஏறி, வரிசையாக நின்ற படையின் முன்னால் பாய்ச்சலில் போனார். தொப்பியைக் கழற்றி உயர்த்தி, தாய்நாட்டின் பெயராலும் மன்னரின் பெயராலும் நன்றி, சகோதரர்களே என்று கத்தினார். வீரர்கள் தொப்பிகளை வானத்தில் வீசி ஆர்ப்பரித்தார்கள். வெரெஷாகின் அன்று அங்கே இருந்தார், கண்ணால் பார்த்தார்.

அவர் அதை வரைந்திருக்கிற விதம்தான் என் கேள்வி. குதிரை, தளபதி, கொடி, பறக்கும் தொப்பிகள் எல்லாம் பின்னால் மலையடிவாரத்தில், விரல் நக அளவில். முன்பக்கம் முழுக்கப் பனி. பனியில் பிணங்கள். ரஷ்யரும் உண்டு, துருக்கியரும் உண்டு. ஓவியத்தின் பெயரில் ஸ்கோபெலெவ் இருக்கிறார், ஓவியத்துக்குள் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் பிணங்களைக் கடந்து நேரே குதிரைக்குத்தான் போனேன். வெள்ளைக் குதிரை, வெள்ளைப் பனி, ஆனாலும் கண் அங்கேதான் ஓடுகிறது, அங்கே மட்டும்தான் அசைவு இருப்பதால். நாலைந்து முறை பார்த்த பிறகுதான் முன்னால் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தேன்.

போர்க்களத்தில் நடக்கும் மரியாதைச் சடங்கை ஒரு ஓவியர் இப்படித் தள்ளிவைத்தது நியாயமா? எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய பட்டாளம்

தம்பி, நல்ல இழை. ஆனால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவன் நான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு பரேடு என்றால் பளபளப்பு, மேடை, பெரிய மனிதர்கள். களத்தில் அது அப்படி இருக்காது. ஒரு பெரிய காரியம் முடிந்ததும் ஆட்களை ஃபாலின் செய்வதே, அதாவது வரிசையில் நிறுத்துவதே, உயிரோடு இருப்பவர்களை எண்ணத்தான். பெயரைக் கூப்பிடுவார்கள். பதில் வராத பெயரை இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்பவன் தரையைப் பார்ப்பான். மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

அப்புறம் தளபதி வந்து தன் முகத்தைக் காட்ட வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறார், நம்மை விட்டுவிட்டுப் போகவில்லை, நாம் செய்ததை அவர் பார்த்தார் என்று வீரனுக்குத் தெரிய வேண்டும். ஸ்கோபெலெவ் வெள்ளைச் சீருடையில் வெள்ளைக் குதிரையில் போனது வெறும் பகட்டு என்று நினைக்காதீர்கள். எங்கிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. எதிரிக்கும் தெரியும், அதையும் ஏற்றுக்கொண்டுதான் போனார். தொப்பியை வானத்தில் வீசினவர்கள் முட்டாள்கள் இல்லை. பனியில் மலை ஏறி இறங்கி, சுட்டும் சுடப்பட்டும், மிச்சமானவர்கள். அவர்களை நக அளவுக்குச் சுருக்கியது எனக்கு வலிக்கிறது.

கரிக்கோல்

ஐயா, நீங்கள் சொன்ன அந்த மூன்றாவது தடவை கூப்பிடாத விஷயத்தை நான் எங்கேயும் படித்ததில்லை. நன்றி. அதை வைத்துப் பார்த்தால், அணிவகுப்பில் நிற்பவர்களை அவர் சுருக்கினாரா, அல்லது பதில் சொல்லாத பெயர்களை முன்னால் கொண்டுவந்தாரா என்றும் கேட்கலாம் அல்லவா?

ஆற்றோரம்

நான் ரஷ்யாவில் மருத்துவம் படித்தவள். விடுமுறையில் மாஸ்கோ போனபோதெல்லாம் ட்ரெட்யகோவ் கலைக்கூடத்துக்குப் போவேன். குளிருக்கு ஒதுங்கத்தான் முதலில் போனேன், பிறகு இந்த ஓவியங்களுக்காகவே போனேன்.

திரையில் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது பெரிய ஓவியம், கிட்டத்தட்ட 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். முன்னால் போய் நின்றால் முன்பக்கத்துப் பனி உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும். அங்கே கிடப்பவர்கள் உங்கள் காலடியில் கிடப்பது போலவே இருக்கும். கரிக்கோல் சொன்ன மாதிரி கண் குதிரைக்கு ஓடுவது சிறிய படத்தில்தான். நேரில் அப்படி ஓடாது. குதிரையைப் பார்க்க வேண்டுமானால் பிணங்களைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். கழுத்தை நிமிர்த்தி, தூரத்தில் என்ன ஆர்ப்பாட்டம் என்று எட்டிப் பார்ப்பது போல.

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. அப்போது உடற்கூறியல் முடித்திருந்தேன், அதனால் இருக்கலாம். கிடப்பவர்கள் தூங்குவது போல இல்லை. கை கால்கள் விழுந்தபடியே விறைத்திருக்கின்றன. குளிரில் உறைந்த உடலை மடக்க முடியாது, நேராக்க முடியாது. பார்த்தவர்தான் இப்படி வரைய முடியும்.

நூலகத்தூண்

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் வெரெஷாகினுக்கு எல்லா ராணுவச் சடங்கும் ஒன்றில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஷிப்காவோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஓவியம் 'பிளெவ்னா அருகே'. 1878-79-ல் வரைந்தது.

கதை இது. பல்கேரியாவில் இருந்த பிளெவ்னா கோட்டையை ரஷ்யர்கள் இரண்டு முறை தாக்கித் தோற்றிருந்தார்கள். மூன்றாவது தாக்குதலுக்குக் குறித்த நாள் 1877 ஆகஸ்ட் 30, பழைய நாட்காட்டிப்படி. அது புனித அலெக்சாந்தர் நெவ்ஸ்கியின் திருநாள், அதாவது ஜார் இரண்டாம் அலெக்சாந்தரின் பெயர்நாள். ஜார் களத்துக்கே வந்திருந்தார். ஒரு குன்றின் மேல் அவருக்கும் பரிவாரத்துக்கும் இடம் ஏற்பாடாகியிருந்தது. மண்டியிட்டு வழிபாடு நடந்தது. விருந்து நடந்தது. அங்கே இப்போது சண்டையிட்டுக்கொண்டிருப்பவர்களின் நலத்துக்காக என்று ஜார் கோப்பையை உயர்த்தினார். மழைத்தூறல், மூட்டம், கீழே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவும் இல்லை. அன்று ரஷ்யர்களும் ருமேனியர்களுமாகச் சுமார் 16,000 பேர் மாண்டும் காயப்பட்டும் விழுந்தார்கள். கோட்டை விழவில்லை.

ஓவியத்தில் வழிபாடும் இல்லை, கோப்பையும் இல்லை. ஜார் மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சீருடைகள் கூட்டமாக நிற்கின்றன. அவர்கள் பார்க்கும் திசையில் புகை. அவ்வளவுதான். ஒரு பிணம்கூடக் கிடையாது. பார்க்கிறவர்களை மட்டும் வரைந்துவிட்டு, பார்க்கப்படுவதைப் புகைக்குள் விட்டுவிட்டார்.

இதில் நான் நெடுநேரம் நின்றுவிட்ட செய்தி ஒன்று உண்டு. அதே நாள், அதே தாக்குதலில், வெரெஷாகினின் தம்பி செர்கெய் இறந்தார். ஸ்கோபெலெவிடம் பணியாற்றிக்கொண்டிருந்தவர். இன்னொரு தம்பி அலெக்சாந்தர் காயப்பட்டார். செர்கெயின் உடலை வெரெஷாகினால் அடையாளம் காண முடியவில்லை. வரைகிற ஆளுக்கு அந்தப் புகைக்குள் யார் இருந்தார் என்று தெரியும். அது தெரிந்தும் ஜாரின் முகத்தைக் கோரமாக வரையவில்லை, கேலி செய்யவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கிறார், அதை அப்படியே வரைந்தார். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழைய பட்டாளம்

தம்பி விஷயம் எனக்குத் தெரியாது. பெயர்நாளுக்காகத் தாக்குதல் நாள் குறித்தது உண்மையானால் அது பாவம். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது பெரியவர்களின் சடங்கு. ஷெய்னொவோவில் நடந்தது வீரர்களின் சடங்கு. இரண்டையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதுதான் என் பேச்சு.

நூலகத்தூண்

அவரும் ஒரே தராசில் போடவில்லை ஐயா. ஜாரின் குன்றிலிருந்து களம் தெரியவில்லை, ஸ்கோபெலெவின் அணிவகுப்பு களத்துக்கு உள்ளேயே நடக்கிறது. தூரத்தில் வைத்தாலும் ஆர்ப்பரிப்பைப் பொய்யாக வரையவில்லை. அந்தத் தொப்பிகள் உண்மையான மகிழ்ச்சியோடுதான் பறக்கின்றன.

சின்னமணி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மற்ற நாட்டு ஓவியர்கள் இதே மாதிரி விஷயத்தை எப்படி வரைந்தார்கள்? ஒப்பிட ஏதாவது கிடைக்குமா?

கரிக்கோல்

கிடைக்கும். கிரிமியப் போரில் வில்லியம் சிம்ப்சன். ஸ்காட்லாந்துக்காரர், கல்லச்சு ஓவியர். லண்டன் பதிப்பகம் ஒன்று அனுப்பி 1854 நவம்பரில் பாலக்லாவா போய்ச் சேர்ந்தார். அங்கே வரைந்து அனுப்பியவை 1855-56-ல் வண்ணக் கல்லச்சுகளாக வெளிவந்து வீட்டுக்கு வீடு பேசப்பட்டன.

அதில் ராக்லன் பிரபுவின் இறுதி ஊர்வலம் ஒன்று உண்டு. ஆங்கிலப் படையின் தலைமைத் தளபதி ராக்லன் 1855 ஜூன் 28-ல் முகாமிலேயே நோயால் இறந்தார். ஜூலை 3-ல் உடலைப் பீரங்கி வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நேச நாட்டுத் தளபதிகளும் வண்டியின் பக்கத்தில் குதிரையில் வந்தார்கள். வழி நெடுகப் படைகள் அணிவகுத்து நின்றன. சிம்ப்சன் அதைத் தலைமையகத்திலிருந்து புறப்படும் நேரத்தில் பிடித்திருக்கிறார். ஒழுங்கு, அமைதி, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படியே நடக்கிறது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நோயாளிகளையும் காயப்பட்டவர்களையும் பாலக்லாவாவில் கப்பலேற்றுவதை வரைந்தவரும் அவர்தான். ஆனால் அது ஒரு தாள், இது ஒரு தாள். தொகுப்பில் பக்கத்தைப் புரட்டினால் அடுத்தது வரும். வெரெஷாகின் பக்கம் புரட்ட விடவில்லை. இரண்டையும் ஒரே துணியில் வைத்துவிட்டார்.

கீழக்காற்று

எல்லோரும் அவரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன்.

1872-ல் வெரெஷாகின் வரைந்த 'வெற்றி கொண்டாடுகிறார்கள்' பாருங்கள். நடு ஆசியாவின் சமர்கந்து நகரம், ரெகிஸ்தான் சதுக்கம், பின்னால் ஷேர்தோர் மதரசாவின் முகப்பு. நல்ல வெயில். கம்பங்களில் ரஷ்ய வீரர்களின் தலைகள். வட்டமாக உட்கார்ந்த கூட்டம், நடுவில் ஒரு முல்லா உரையாற்றுகிறார். அதே ஆண்டு இன்னொன்று, அமீருக்குக் கோப்பைப் பரிசு மாதிரி வெட்டிய தலைகளைக் காணிக்கையாக்கும் காட்சி. இவையும் போர்க்கால வெற்றிச் சடங்குகள்தான். இவற்றையும் மண்டையோட்டு ஓவியத்தையும் சேர்த்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் என்ன? 'காட்டுமிராண்டிகள்'.

ஆக, அந்தப் பகுதியான துருக்கிஸ்தானின் மக்கள் கொண்டாடினால் காட்டுமிராண்டித்தனம், ரஷ்யர்கள் கொண்டாடினால் துயரம் கலந்த மகிழ்ச்சியா? யார் ஊருக்குள் யார் படையெடுத்துப் போனார்கள்? 1868-ல் சமர்கந்தைப் பிடித்தது ரஷ்யப் படை. கோட்டையை நகர மக்கள் முற்றுகையிட்டபோது உள்ளிருந்து துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டவர்களில் இந்த ஓவியரும் ஒருவர். அதற்காக அவருக்குப் புனித ஜார்ஜ் சிலுவை கிடைத்தது, அதைப் பெருமையோடு அணிந்தார். நடுநிலைக் கண் என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

நூலகத்தூண்

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, மழுப்ப மாட்டேன். அந்த வரிசையின் பெயர் எனக்கும் உறுத்துகிறது. இருபத்தைந்து வயதில் படையோடு போன ஒரு மனிதர், தான் எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கத்துக் கண்ணால்தான் சமர்கந்தைப் பார்த்திருக்கிறார்.

ஆனால் அங்கேயே ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதே துருக்கிஸ்தான் வரிசையில் 'மறக்கப்பட்டவன்' என்று ஒரு ஓவியம் இருந்தது. கைவிடப்பட்டுக் கிடக்கும் ரஷ்ய வீரனின் பிணம், அதன் மேல் பறவைகள். 1874-ல் பீட்டர்ஸ்பர்கில் காட்சிக்கு வைத்தபோது, அவரைத் துருக்கிஸ்தானுக்கு அழைத்துப்போன கவர்னர்-ஜெனரல் கவுஃப்மனே எல்லோர் முன்னிலையிலும் சீறினார். தன் படை ஒரு பிணத்தைக்கூட அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை என்றார். வெரெஷாகின் அதையும் இன்னும் இரண்டு ஓவியங்களையும் சட்டத்திலிருந்து வெட்டி எரித்துவிட்டார். அதே ஆண்டு ஓவியச் சேகரிப்பாளர் ட்ரெட்யகோவ் மீதி வரிசையை 92,000 ரூபிளுக்கு வாங்கினார். கலைக்கழகம் தந்த பேராசிரியர் பட்டத்தையும் வெரெஷாகின் அதே ஆண்டு வேண்டாம் என்றார்.

எதிரியின் சடங்கை வரைந்தபோது யாரும் கோபப்படவில்லை. தன் பக்கத்தின் பிணத்தை வரைந்ததும் கோபம் வந்தது. அதற்குப் பிறகு பல்கேரியா போனவர் தன் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். அவர் மாறினார் என்றே நினைக்கிறேன்.

கீழக்காற்று

மாறினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழைய வரிசையின் பெயரை மாற்றவில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூலகத்தூண்

ஒப்புக்கொள்கிறேன்.

ஆற்றோரம்

மாறியதற்கு அடையாளம் வேண்டுமானால் அதே கூடத்தில் இருக்கும் இன்னொரு ஓவியத்தைச் சொல்வேன். 'தோற்றவர்கள்: இறந்தோர் வழிபாடு'. இதுவும் 3 மீட்டர் அகலம்தான், ஷிப்காவுக்கு ஒரு விரற்கடை கூட.

1877 அக்டோபரில் தெலிஷ் என்ற இடத்தில் ஜார் மெய்க்காவல் படையின் யேகர் ரெஜிமென்ட் தாக்கித் தோற்றது. மாண்டவரும் காயப்பட்டவருமாக ஏறத்தாழ 1,000 பேர். சில நாள் கழித்து தெலிஷ் ரஷ்யர்கள் கைக்கு வந்தது. அங்கே விட்டுப்போன பிணங்கள் உடை உரியப்பட்டு, சிதைக்கப்பட்டு, மேலோட்டமாக மண் போட்டு மூடப்பட்டிருந்தன. தோண்டி எடுத்து அடுக்கினார்கள். வெரெஷாகின் பார்த்தது அதைத்தான்.

ஓவியத்தின் முன் நின்றால் முதலில் வெறும் வயல்தான் தெரியும். பழுப்பும் மஞ்சளுமான புல், மேலே மேகம் கனத்த வானம். ஒரு பக்கம் கறுப்பு அங்கியில் பாதிரியார் தூபம் காட்டுகிறார். பின்னால் ஒரு ராணுவ வீரர் தொப்பியில்லாமல் நிற்கிறார். இவர்கள் இரண்டு பேருக்கு ஏன் இவ்வளவு பெரிய வயல் என்று நினைப்பேன். கொஞ்ச நேரம் நின்ற பிறகு, புல் என்று நினைத்தது புல் மட்டும் இல்லை என்று கண்ணுக்குப் பிடிபடும். தலைகள், தோள்கள், அடிவானம் வரைக்கும். அந்தக் கணத்தில் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி சிலுவைக் குறி போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஐயா, இதில் சடங்கு தூரத்தில் இல்லை. சிறியதாகவும் இல்லை. பாதிரியாரைத் தெளிவாக, மரியாதையோடு வரைந்திருக்கிறார். அவர் சடங்கையே வெறுத்தவராக இருந்தால் இதை இப்படி வரைந்திருக்க மாட்டார்.

நூலகத்தூண்

இந்த ஓவியத்தைப் பார்த்து அவர் கற்பனை செய்துவிட்டார், இப்படி ஒரு வயல் இருந்திருக்க முடியாது என்று பேசினார்கள். அப்போது அந்த வழிபாட்டை நடத்திய பாதிரியாரே முன்வந்து, செய்தது நான்தான், இப்படித்தான் இருந்தது என்று கூட்டத்தின் முன் சொன்னதாக வெரெஷாகின் எழுதியிருக்கிறார். 1880 பீட்டர்ஸ்பர்க் காட்சிக்கு 40 நாளில் சுமார் 2,00,000 பேர் வந்தார்கள். 1882-ல் பெர்லினில் ஜெர்மானியத் தளபதி மோல்ட்கே வந்து பார்த்துவிட்டு, தன் வீரர்கள் அந்தக் காட்சிக்குப் போகக்கூடாது என்று தடுத்தார்.

சின்னமணி

கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் வெரெஷாகின் வரைந்த பெரிய யானை ஊர்வல ஓவியம் ஒன்றைப் பார்த்த ஞாபகம். அதே ஆள்தானா?

கரிக்கோல்

அவரேதான். 1876-ல் வேல்ஸ் இளவரசர் ஜெய்ப்பூருக்கு வந்த ஊர்வலம். அவர் 1874 முதல் 1876 வரை இந்தியாவில் சுற்றினார். அலங்கரித்த யானைகள், அம்பாரி, வெயில், சுவரே நிறைந்துவிடும் அளவு. அதில் சடங்கு முன்னால் நிற்கிறது, முழு உருவத்தில் நடந்து போகிறது. பல்கேரியாவுக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்பு பார்த்த காட்சி அது. கம்பீரமான ஊர்வலத்தை வரையத் தெரியாமல் அவர் ஸ்கோபெலெவைத் தள்ளிவைக்கவில்லை என்பதற்கு அதுவே போதும்.

பழைய பட்டாளம்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பேரன் அந்த ஷிப்கா ஓவியத்தை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினான். வரிசையில் நிற்பவர்களைத்தான் முதலில் பார்த்தேன், பழக்கம். எனக்கு இன்னும் அவர்கள் கொஞ்சம் அருகில் நின்றிருக்கலாம் என்றுதான் இருக்கிறது. அந்த மனக்குறை போகவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். ஃபாலின் நிற்கிறவன் முன்னால் பார்த்துத்தான் நிற்பான், தலையைத் திருப்பக்கூடாது. அவன் கண்ணுக்கு ஜெனரல் மட்டும்தான் தெரிவார். விழுந்து கிடப்பவர்கள் இருப்பது வேறு பக்கம். வரைந்தவர் நிற்பது கிடப்பவர்கள் பக்கத்தில். நான் ஒரு நாளும் அந்த இடத்தில் நின்று என் சொந்தப் படையைப் பார்த்ததில்லை.

ஆற்றோரம் அம்மா, ஒரு கேள்வி. நேரில் கிட்டே போய்ப் பார்த்தால் ஸ்கோபெலெவின் முகம் தெரிகிறதா? டிவியில் தெரியவில்லை.

ஆற்றோரம்

இல்லை ஐயா. காவலாளி அம்மா அதட்டும் அளவுக்குக் கிட்டே போயிருக்கிறேன். உயர்த்திய கை தெரியும், குதிரையின் பாய்ச்சல் தெரியும், முகத்தைப் படிக்க முடியாது. முன்னால் கிடப்பவர்கள் சிலருடைய முகம் தெரியும்.

பழைய பட்டாளம்

சரி அம்மா. அடுத்த முறை போனால் அந்த முகங்களைப் பார்த்து எழுதுங்கள். என்ன வயது இருக்கும் என்று.